ஆண்டு விழா யாருக்காக?

சங்கங்கள் ஆண்டு விழாக் கொண்டாடுவது நம்மிடையே நன்கு வேரூன்றிவிட்ட வழக்கம். வெள்ளி விழா, பொன் விழா, வைர விழா என்று ஆண்டுகள் ஏற ஏறப் பந்தலும் பெரிதாகிறது. இதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. உழைத்துக் களைத்த மக்கள் ஆண்டுக்கொரு நாள் ஒன்று கூடி, தாங்கள் கட்டிய சங்கம் இன்னும் நிற்கிறது என்று பெருமை கொள்ள முழு உரிமை உடையவர்கள். ஆயினும் இவ்விழா யாருக்காக நடைபெறுகிறது என்ற கேள்வியை நாம் கேட்காமல் இருக்க முடியவில்லை.

விழா நடைபெறும் முறையை யாவரும் அறிவோம். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று உரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மாலைகள் விழும், பொன்னாடைகள் போர்த்தப்படும். விழா மலரைத் திறந்தால் முதல் இருபது பக்கமும் பெரிய மனிதர்களின் படமும் வாழ்த்துச் செய்தியுமாக இருக்கும். விருந்து முடிந்ததும் வந்தவர்கள் வந்த வழியே திரும்பிவிடுவர். மறுநாள் காலையில், விழா நடந்த மண்டபத்துக்கு எதிரே உள்ள ஒட்டுக்கடையில் தேநீர் அருந்தும் இளைஞனை, "நேற்று இங்கே என்ன விழா?" என்று கேட்டால், "யாருக்கோ கல்யாணம் போலிருக்கிறது" என்பான். அவன் பாட்டி பால்மரம் வெட்டியவராக இருப்பார். அவன் தாத்தா சங்கச் சந்தா கட்டியவராக இருப்பார். அந்த விழா அவனுடையது என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

எந்த ஒரு சங்கத்தையும் சுட்டி இதைச் சொல்லவில்லை. தொழிற்சங்கம், கூட்டுறவுச் சங்கம், இளைஞர் மன்றம், வாசகசாலை, கோயில் என எங்கும் இதே முறைதான். இன்று இதைப் பேசக் காரணம் உண்டு. தனித்தனியே இயங்கிவந்த பல தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் 1954-ஆம் ஆண்டில் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. 2029-ஆம் ஆண்டில் அதற்கு 75 ஆண்டு நிறையும். பவள விழாவைப் பற்றிய பேச்சு இனி எழத்தான் போகிறது. பந்தல்காரருக்கு முன்பணம் கொடுக்கும் முன்னர், யாரை அழைக்கப் போகிறோம், அவர்களிடம் என்ன சொல்லப் போகிறோம் என்பதைத் தீர்மானிப்பது நலம்.

அந்நாளில் ஆண்டு விழாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தோட்டமே ஓர் ஊராக இருந்தது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் எல்லாரும் கூடினர். ஒரே லயத்தில் வாழ்ந்தனர். ஒரே கோயில் திருவிழாவுக்கு வரி கொடுத்தனர். பிள்ளைகள் ஒரே தமிழ்ப் பள்ளியில் படித்தனர். சங்கக் கூட்டம் என்றால் தண்டல் வீட்டுப் பிள்ளை முதல் ஆயாக் கொட்டகைக் கிழவி வரை அனைவருக்கும் தெரியும். சங்கம் வெற்றி பெற்றால் அடுத்த சம்பளத்தில் அது தெரியும். தோற்றால் அதுவும் தெரியும்.

அந்த ஊர் இன்று இல்லை. பேராக்கில் கித்தா மரங்கள் நின்ற நிலத்தில் பெரும்பகுதி செம்பனைக்கு மாறிற்று. ஈப்போவைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆகிவிட்டன. சாலையோரத்தில் ஒரு சிறு மாரியம்மன் கோயிலோ, பெயரில் மட்டும் 'தோட்டம்' என்ற சொல்லைத் தாங்கிய தமிழ்ப் பள்ளியோ நின்றுகொண்டு, இங்கே ஒரு தோட்டம் இருந்தது என்று சாட்சி சொல்கிறது. மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்கும் தாமான் வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தனர். அவர்கள் பிள்ளைகள் தொழிற்சாலையிலும் கடையிலும் லாரியிலும் வேலை செய்கின்றனர். பால்வெட்டு நிரையில் இன்று நிற்பவர் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். ஆகவே தோட்டத்தை விட்டுச் சென்றவர், தோட்டத்துக்குப் புதிதாக வந்தவர், தோட்டத்தையே அறியாத அயலார் என்ற இம்மூவகையினரும் நம் விழாவுக்கு வெளியே நிற்கின்றனர். உள்ளே இருப்பவர் தொகை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது.

"சங்கத்தின் விழா சங்க உறுப்பினருக்கே, வெளியாருக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்கும் அன்பர்கள் உளர். அவர்களுக்கு நாம் இரண்டு செய்திகளை நினைவூட்ட விரும்புகிறோம்.

முதலாவது, சங்கம் பெற்றுத்தந்த நன்மைகள் உறுப்பினரோடு நின்றுவிடவில்லை. தோட்ட மக்களின் வீடு, தண்ணீர், கழிப்பிடம் ஆகியவற்றுக்காகப் பல்லாண்டு எழுப்பிய குரலின் பின்னணியில்தான் 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் வந்தது. தோட்டங்களையும் சுரங்கங்களையும் மனத்திற்கொண்டு எழுந்த அச்சட்டம் 2019-ல் திருத்தப்பட்டு, பிற தொழில்களில் தங்குமிடம் பெறும் தொழிலாளருக்கும் விரிந்தது. இன்று ஒரு தொழிற்சாலை விடுதியில் உறங்கும் நேப்பாளத் தொழிலாளியின் கட்டிலுக்கும் பழைய லயத்து மக்களின் கண்ணீருக்கும் தொடர்பு உண்டு. குறைந்தபட்சச் சம்பளமும் அப்படியே. நாளுக்கு இவ்வளவு என்ற கூலியை ஒழித்து மாதச் சம்பளம் வேண்டும் என்று முதலில் உரக்கக் கேட்டவர்களில் தோட்டத் தொழிலாளரும் உளர். 2013-ல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் 2022-ல் 1,500 வெள்ளியாகவும், 2025-ல் 1,700 வெள்ளியாகவும் உயர்ந்தது. தொழிற்சாலையில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் இத்தொகையைச் சம்பளச் சீட்டில் காண்கின்றனர். அதன் வரலாற்றைக் காண்பதில்லை.

இரண்டாவது, பொதுமக்களின் செவியைப் பெறாத சங்கம் பேச்சுவார்த்தை மேசையில் தனித்து நிற்கும். தோட்டம் விற்கப்பட்டு வீடுகளைக் காலிசெய்யும்படி நோட்டீசு வரும்போது, பக்கத்துத் தாமானில் இருப்பவர், "இவர்கள் யார், எதற்காக இன்னும் இங்கே இருக்கிறார்கள்?" என்று கேட்கிறார். நம் கதையை நாம் அவருக்குச் சொல்லாமல் விட்டதன் விலையை வெளியேற்றப்படும் குடும்பம் கொடுக்கிறது.

நினைவைக் காப்பதற்கு வழி தெரியாதவர்களல்லர் நம் மாநிலத்தார். கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்தின் அருகே ஒரு பழைய ரப்பர் மரம் நிற்கிறது. 1877-ல் நட்ட கன்றுகளில் எஞ்சிய மரம் என்று பலகை நாட்டிக் காக்கின்றனர். சுற்றுப்பயணிகள் அதன் முன் நின்று படம் எடுக்கின்றனர். பத்து காஜா அருகே கெல்லி மாளிகை இருக்கிறது. 1926-ல் மறைந்த வில்லியம் கெல்லி சுமித் என்ற துரையின் பெயரை, நுழைவுச்சீட்டு வாங்கும் ஒவ்வொருவரும் அறிந்து செல்கின்றனர். அம்மாளிகையின் வேலைக்காகக் கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பலர் கொள்ளை நோயில் மாண்டனர் என்றும், அதன்பின் அருகே மாரியம்மன் கோயில் எழுந்தது என்றும் கூறுவர். அக்கோயிலின் மேற்புறத்தில் தெய்வ உருவங்களோடு துரையின் உருவமும் இருக்கிறது. மாண்டவர் பெயர்ப் பட்டியல் எங்கே இருக்கிறது? மரத்துக்குப் பலகை உண்டு; மரத்தை வெட்டிப் பிழைத்த மனிதருக்கு இல்லை.

1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் கொல்லப்பட்டனர், அவசரகாலம் பிறந்தது. அக்காலத்தில் உயிர் நீத்த தோட்ட நிர்வாகிகளையும் படைவீரரையும் பத்து காஜாவின் பழைய கிறிஸ்தவ இடுகாட்டில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் கூடி நினைவுகூர்கின்றனர். அது போற்றத்தக்க பண்பு. இறந்தவர் எவராயினும் அவரைப் பெயர் சொல்லி நினைப்பது மனிதத் தன்மை. அதே அவசரகாலத்தில், 1960 வரை, லயங்களைச் சுற்றி முள்வேலி போடப்பட்டது. சோற்றுப் பொட்டலத்தைக்கூட வேலைக்காட்டுக்கு எடுத்துச் செல்லத் தடை இருந்த இடங்கள் உண்டு. இரு தரப்புத் துப்பாக்கிகளுக்கும் நடுவே பால் வெட்டிய மக்களின் பெயரை நாம் எந்த நாளில், எந்த இடத்தில் சொல்கிறோம்?

பிறர் எவ்வாறு செய்தனர் என்று பார்ப்போம். இங்கிலாந்தின் டர்ஹாம் மாவட்டத்தில் நிலக்கரித் தொழிலாளர் சங்கம் 1871-ல் ஒரு பெருவிழாவைத் தொடங்கியது. ஒவ்வொரு சுரங்கக் கிராமமும் தன் பட்டுக் கொடியை ஏந்தி, பேண்டு வாத்தியத்துடன் நகருக்குள் அணிவகுத்து வரும். அவ்வாண்டு சுரங்கத்தில் உயிர்ச் சேதம் நேர்ந்திருந்தால் கொடியில் கறுப்புத் துணி தொங்கும். 1990-களின் தொடக்கத்தில் அங்கே கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. விழா மூடப்படவில்லை. இன்றும் ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை பல்லாயிரம் பேர் கூடுகின்றனர். சுரங்கத்தையே காணாத பேரப்பிள்ளைகள் தாத்தாவின் ஊர்க்கொடியின் பின்னே நடக்கின்றனர். ஆசிரியர் சங்கமும் மருத்துவத் தாதியர் சங்கமும் கூடவே நடக்கின்றன. தோட்டம் போனால் நினைவும் போகத்தான் வேண்டும் என்ற விதி இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இலங்கை மலையக மக்கள் நம் இரத்த உறவினர். 1823 முதல் எண்ணி, தங்கள் 200-ஆம் ஆண்டை அவர்கள் 2023-ல் நினைவுகூர்ந்தனர். மண்டபக் கூட்டத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. முன்னோர் கப்பலிறங்கிக் காட்டுவழியே நடந்த பாதையில், ஜூலை 28-ல் தலைமன்னாரில் புறப்பட்டு, 250 கிலோமீட்டருக்கு மேல் நடந்து, ஆகஸ்டு 12-ல் மாத்தளையை அடைந்தனர். பிற இனத்தாரும் பிற சமயத்தாரும் உடன் நடந்தனர். நடந்தவர் கேட்டது மாலையன்று. நிலம், வீடு, சம மதிப்பு. கோரிக்கையும் நினைவும் ஒன்றாக நடந்த காரணத்தால் வெளியாரும் காது கொடுத்தனர்.

நம் மலாயா மண்ணிலேயே முன்னுதாரணம் உண்டு. 1952-ல் சிங்கப்பூரில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் தமிழர் திருநாளைத் தொடங்கினார்கள். அது மலாயாவின் பட்டணங்களுக்கும் தோட்டங்களுக்கும் பரவியது. அவ்விழாவில் மக்கள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்பவராக மட்டும் இருக்கவில்லை. ஓடினர், பாடினர், எழுதினர், நடித்தனர், கோலமிட்டனர். கையும் காலும் உழைத்த விழா மனத்தில் தங்கும். காது மட்டும் உழைத்த விழா வீட்டுக்குப் போகும் வழியிலேயே மறந்துபோகும்.

இனி நாம் செய்யத்தக்கவை எவை? சிலவற்றை இங்கே முன்வைக்கிறோம். கிளைச் செயற்குழுக்கள் ஆராயட்டும்.

ஒன்று: ஆண்டுதோறும் சங்கத்தின் முழு வரலாற்றையும் ஒப்பிப்பதை விட்டு, ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு அதை வெளியார்க்கும் விளங்குமாறு சொல்லவேண்டும். எடுத்துக்காட்டாக, 1941-ல் கிள்ளான் வட்டாரத்தில் நடந்த வேலைநிறுத்தம். ஆர். எச். நாதன் முன்னின்ற அப்போராட்டத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வோடு இன்னொன்றும் இருந்தது. துரையையோ தோட்ட உத்தியோகத்தரையோ கண்டால் தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்கவேண்டும் என்ற கட்டாயம் ஒழியவேண்டும் என்பதே அது. படை வந்தது, உயிர்கள் பலியாயின, நாதன் நாடு கடத்தப்பட்டார். கூலி விகிதக் கணக்கு இன்றைய மாணவனுக்கு விளங்காமல் போகலாம். மிதிவண்டியை விட்டு இறங்க மறுத்த மனிதனின் தன்மானம் மலாய்ப் பிள்ளைக்கும் சீனப் பிள்ளைக்கும் ஒரு நொடியில் விளங்கும்.

மற்றோர் ஆண்டில், தோட்டத் துண்டாடலின்போது நடந்ததைச் சொல்லலாம். துரைமார் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு துண்டாகக் கூறுபோட, மக்கள் நடுத்தெருவில் நின்றனர். நம் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார்கள். பால்வெட்டு மக்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணம் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. கூலிக்காரன் தோட்டம் வாங்கிய கதையை வணிகம் படிக்கும் மாணவர் எவரும் விரும்பிக் கேட்பர்.

இரண்டு: பெயர்களைத் திரட்டவேண்டும். இது குறிப்பாகக் கிராணிமார்களாகிய நமக்குரிய கடமை. கிராணி என்றால் துரையின் ஆள் என்று பால்வெட்டு மக்கள் எண்ணிய காலம் ஒன்று இருந்தது, காரணமில்லாமல் எண்ணவில்லை. அன்று செக்ரோலில் பெயர் எழுதி அரைநாள் வெட்டிய அதே கை இன்று அப்பெயர்களைக் காக்கட்டும். பழைய செக்ரோல் ஏடுகள், சந்தாச் சீட்டுகள், பிள்ளைகளின் பள்ளிப் பதிவேடுகள், திருமணப் படங்கள் ஆகியவை கரையானுக்கு இரையாகின்றன. நிர்வாகத்தின் ஏடுகளை முறைப்படி கேட்டுப் பெறுவோம். கிடைக்காவிடில் படியெடுக்க அனுமதி கேட்போம். வீட்டிலுள்ளவற்றைப் படமெடுத்துப் பட்டியலிடுவோம். தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. அதன் கதவைத் தட்டுவோம். விழா மலரின் முதல் இருபது பக்கத்தில் ஒரு தோட்டத்தின் தொழிலாளர் பெயர் முழுவதும் அச்சாகட்டும். தன் பாட்டியின் பெயர் அச்சில் இருக்கும் மலரை எந்தப் பேரனும் குப்பையில் போடமாட்டான்.

மூன்று: விழாவை இடம் மாற்றவேண்டும். ஈப்போவில் குளிர்சாதன மண்டபம் வசதியானதுதான். ஆனால் பழைய தோட்டத்துக் கோயில் திடலிலோ, தமிழ்ப் பள்ளி மைதானத்திலோ கூடினால், அங்கிருந்து பிரிந்து சென்ற குடும்பங்கள் தாமாகவே வந்து சேரும். நிரை இருந்த இடத்தையும், பால் நிறுத்த கொட்டகை இருந்த இடத்தையும் மூத்தவர் காட்ட, பிள்ளைகள் நடந்து பார்க்கட்டும். மங்கு, உளி, காண்டா வாளி இவற்றைத் தொட்டுப் பார்க்கட்டும். ஒரு சிறு பலகை நாட்டிவிட்டு வரட்டும்.

நான்கு: மேடையில் முதற்பேச்சு பெண்களுக்கு. பால்மரக் காட்டில் ஆணுக்கு நிகராக நின்று, கைக்குழந்தையை ஆயாவிடம் விட்டு, வாளி சுமந்தவர் அவர். சங்க வரலாற்றிலோ பெரும்பாலும் சமையற்கட்டுப் பக்கமே அவர் காணப்படுகிறார். அறுபது எழுபது வயதைக் கடந்த ஒரு பால்வெட்டுத் தாய் பத்து நிமிடம் தம் மொழியில் பேசினால், அமைச்சரின் அரைமணிச் சொற்பொழிவு செய்ய முடியாததை அது செய்யும்.

ஐந்து: பிறமொழியாருக்கும் இடம் வேண்டும். பேச்சின் சாரத்தை மலாய்மொழியில் ஒரு தாளில் அச்சிட்டு அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பது பெருஞ்செலவன்று. வங்காளமொழியிலும் நேப்பாளமொழியிலும் ஒரு தாள் இருந்தால் இன்னும் நன்று. அந்நியத் தொழிலாளர் சங்கத்தில் சேரச் சட்டம் தடை செய்யவில்லை. நம் முன்னோர் கங்காணியிடம் முன்பணம் பெற்றுக் கடனோடு கரையிறங்கினர். 1938-ல்தான் அந்த ஆள்சேர்ப்பு நின்றது. இன்று வருபவர் ஏஜண்டிடம் கடன்பட்டு விமானத்தில் இறங்குகிறார். நம் பாட்டன் கதையை அவர் கேட்டால் அதில் தம் கதையைக் காண்பார். அவரைப் போட்டியாளர் என்று ஒதுக்கினால் லாபம் யாருக்கு என்பதைத் தொழிலாளி சிந்திக்கவேண்டும்.

ஆறு: வந்தவர் வெறுங்கையோடு திரும்பக்கூடாது. விருந்துப் பந்தலின் ஓரத்தில் நான்கு மேசை போடுவோம். ஒன்றில் ஊழியர் சேமநிதிக் கணக்கு, ஒன்றில் சொக்சோ, ஒன்றில் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரச் சிக்கல்கள், ஒன்றில் வீட்டு மனை விவகாரம். மனு எழுதத் தெரிந்த கிராணிமார் அங்கே அமரட்டும். பல்லாண்டு தீராத ஒரு சிவப்பு அட்டை விவகாரம் அன்று ஒரு படி நகர்ந்தால், அந்தக் குடும்பம் சங்கத்தின் ஆண்டு நிறைவை வாழ்நாள் முழுதும் நினைவில் வைக்கும்.

"இதற்கெல்லாம் பணம் ஏது?" என்பர். மாலைக்கும் பொன்னாடைக்கும் நினைவுக் கேடயத்துக்கும் ஆகும் செலவை ஓர் ஆண்டு நிறுத்திப் பார்க்கலாம். தலைவர்கள் மனம் வருந்தமாட்டார்கள் என்று நம்புகிறோம். தோட்டத் தொழிலாளியின் பிரதிநிதியாகத் தொடங்கி, 1975-ல் அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்த பி. பி. நாராயணன் அவர்களுக்கு அப்பெருமையைத் தந்தவர் சந்தா கட்டிய மக்களே.

காலம் நமக்காகக் காத்திராது. 1954-ல் இருபது வயதில் சங்கத்தில் சேர்ந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். பெரட்டு மணியின் ஓசையை, முள்வேலிக் காலத்தை, முதற்சந்தா கட்டிய நாளை நேரில் கண்டு சொல்லக்கூடியவர் ஒவ்வொரு வட்டாரத்திலும் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே உள்ளனர். 2029 வரை அவர்களைக் காத்திருக்கச் சொல்ல நமக்கு அதிகாரமில்லை. பவள விழாவின் வேலை இவ்வாண்டே, அவர்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து தொடங்கவேண்டும்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். நம் ஊர் கலைந்துவிட்டது. ஆனால் ஊர் மக்கள் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் தைப்பிங்கிலும் தெலுக் இந்தானிலும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிச் சென்று அழைப்பது சங்கத்தின் பொறுப்பு. அடுத்த கிளைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வரட்டும்: நம் வட்டாரத்தில் மறைந்துபோன தோட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் மக்களின் பெயர்ப் பட்டியலை ஆறு மாதத்துக்குள் முடிப்பது என்று. பந்தலைப் பற்றிப் பிறகு பேசலாம்.